தாயின் சாவுக்கு யார் பொறுப்பு?

பிள்ளைப்பேற்றிலே ஒரு தாய் மாண்டால், அதனை அவள் தலைவிதியென்று கூறி, ஈமக்கடன் முடித்து, தாயற்ற பிள்ளையை அம்மம்மா கையில் ஒப்படைத்துவிடுவதே நம்மவர் நெடுங்காலம் கண்ட வழக்கம். வேலி எல்லை ஓரடி நகர்ந்ததென்று நீதிமன்றப் படியேறியவர்கள் நாம். கிணற்றுப் பங்குக்காகத் தலைமுறை தலைமுறையாக வழக்காடியவர்கள் நாம். ஆயினும், இளம்பெண்ணொருத்தி பிரசவ சன்னியாற் பிதற்றிப் பிதற்றி உயிர்விட்டபோது, "இச்சாவுக்குப் பொறுப்பாளி யார்?" என்று எந்த விதானையிடமும் எந்த அதிகாரியிடமும் நாம் கேட்டதில்லை.

இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் இத்தீவில் உருவான பொதுச் சுகாதார சேவையே அக்கேள்வியை முதன்முதலாக ஆட்சியின் கேள்வியாக்கிற்று. அதன் வரலாற்றை நம்மிற் பலர் அறியார். அறிந்தோரும் அதனை வைத்தியர்களின் வரலாறாகவே கருதுவர். அது வாக்குரிமையின் வரலாறு, வரிப்பணத்தின் வரலாறு, கிராமத்து வீட்டுவாசலுக்கு அரசு எவரை அனுப்பிற்று என்பதன் வரலாறு. ஆதலின் அரசியற் பத்திரிகையொன்றில் அதனை எடுத்துரைப்பது பொருத்தமேயாம்.

அக்காலத்து நிலையை முதலில் நோக்குவோம். 1930களில் இலங்கையில் 1,000 குழந்தைகள் உயிருடன் பிறந்தால் ஏறத்தாழ 20 தாய்மார் மாண்டனர். இக்கணக்கின் கொடுமை மேலோட்டமாகப் படிப்போர்க்குப் புலனாகாது. அன்று ஆறு பிள்ளை பெறுவது பெருமையுமன்று, புதுமையுமன்று. ஒவ்வொரு பேற்றிலும் 1,000க்கு 20 என்ற ஆபத்தை ஆறுமுறை கடக்க வேண்டிய பெண்ணுக்கு, பேற்றினாலேயே உயிரிழக்கும் அபாயம் ஒன்பதில் ஒன்றை அண்மிக்கும். ஒரே ஒழுங்கையில் வாழ்ந்த ஒன்பது மணப்பெண்களில் ஒருத்தி பிள்ளைப்பேற்றிலே மடிவாள் என்பதே அதன் பொருள். போருக்குச் செல்லும் வீரனுக்குக்கூட எல்லாக் காலத்தும் இத்துணை ஆபத்து இருந்ததில்லை.

இச்சாவுகளின் காரணங்கள் மறைபொருளல்ல. பிரசவ சன்னி, இரத்தப் பெருக்கு, இசிவு, நீடித்து நின்ற பேறு என்பன முதன்மையானவை. மலேரியாவும் கொழுக்கிப் புழுவும் உண்டாக்கிய இரத்தச் சோகை இவை எல்லாவற்றுக்கும் துணைநின்றது. நல்ல உடல்நிலையுள்ள பெண் தாங்கக்கூடிய இரத்த இழப்பைச் சோகை பிடித்தவள் தாங்காள். இவற்றோடு நம் வழக்கங்களும் சேர்ந்துகொண்டன. பேற்றைத் துடக்கென்று ஒதுக்கிய சமுதாயம், பேறுபார்க்க வந்தவளையும் ஒதுக்கிற்று. வீட்டின் காற்றோட்டமற்ற மூலை தாய்க்கென விடப்பட்டது. வீசியெறிய வேண்டிய பழஞ்சீலை அவளுக்கென எடுத்துவைக்கப்பட்டது. பரம்பரைத் தொழிலாகப் பேறுபார்த்த கிழவிக்கு அனுபவமும் அன்பும் இருந்தன. கையைக் கொதிநீராலும் சவர்க்காரத்தாலும் கழுவ வேண்டுமென அவளுக்கு எவரும் கற்பிக்கவில்லை. குற்றம் அவளுடையதன்று, கற்பிக்காத அரசினுடையது, அவளைக் கீழ்மைப்படுத்திய நம்முடையது.

நம் நாட்டில் அன்று வைத்திய வசதியே இருக்கவில்லையென்று சொல்வதற்கில்லை. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1848ஆம் ஆண்டில் மானிப்பாயிற் பணி தொடங்கினார். நம் இளைஞர்க்கு மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலே கற்பித்தார். 1857ஆம் ஆண்டிலேயே பிரசவ வைத்திய நூலொன்று அவர் முயற்சியாற் தமிழில் வெளிவந்தது. கொழும்பிலே டி சொய்சா பிரசவ மருத்துவமனை 1879ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. இணுவிலிலே பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான மக்லியொட் மருத்துவமனை 1898ஆம் ஆண்டில் எழுந்தது. இவை யாவும் போற்றத்தக்க தொண்டுகளே. ஆயினும் இவை அனைத்துக்கும் பொதுவான குறையொன்று உண்டு: தாய்தான் அவற்றை நாடிச் செல்ல வேண்டும். நோவு கண்ட பெண்ணை மாட்டுவண்டியிலேற்றி, இரவிலே, மணற்பாதையிலே கொண்டுசெல்வதற்குள் நேர்வது நேர்ந்துவிடும். வன்னிக் கமக்காரனுக்கும் தீவுப்பகுதி மீனவனுக்கும் இணுவிலும் கொழும்பும் ஒரே தூரந்தான். 1939ஆம் ஆண்டிலேகூட இத்தீவில் நூற்றுக்கு 27 பேறுகளே பயிற்சிபெற்றோர் கையில் நிகழ்ந்தன என்பது இதற்குச் சான்று.

இந்தக் குறையைத் தலைகீழாக மாற்றிய முயற்சி 1926ஆம் ஆண்டிலே களுத்துறையில் தொடங்கிற்று. றொக்பெல்லர் மன்றத்தின் துணையோடு இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு அங்கே நிறுவப்பட்டது. ஒரு குறித்த எல்லைக்குள் வாழும் மக்கள் அனைவரின் சுகத்துக்கும் ஒரு வைத்திய அதிகாரி பொறுப்பாளியாக்கப்பட்டார். அவரின் கீழ்ச் சுகாதாரப் பரிசோதகர்களும், பொதுச் சுகாதாரத் தாதியரும், பயிற்சிபெற்ற மருத்துவிச்சிகளும் நியமிக்கப்பட்டனர். மருத்துவிச்சி தன் எல்லைக்குட்பட்ட கர்ப்பிணிகளைத் தேடிச் சென்றாள், பெயரைப் பதிந்தாள், பேற்றுக்கு முன் பலமுறை கண்டாள், பேற்றின்போது வீட்டுக்கே வந்தாள், ஆபத்தின் அறிகுறி தென்பட்டால் மேலிடத்துக்கு அனுப்பினாள்.

இந்த ஏற்பாட்டின் உயிர்நிலை எது? மருந்தன்று, அக்காலத்தில் சன்னிக்கு மருந்தே இல்லை. கட்டடமுமன்று, மருத்துவிச்சி மரநிழலிலும் பணிசெய்யக்கூடியவள். எல்லை வகுத்துப் பொறுப்பை ஒருவர்மேற் சார்த்தியதே அதன் உயிர்நிலை. சட்டம் கற்றோர்க்கு இது நன்கு விளங்கும். எல்லோர்க்கும் பொதுவான கடமை எவர்க்கும் உரிய கடமையாகாது. இந்தக் கிராமத்துக் கர்ப்பிணிகள் இன்னாரின் பொறுப்பென்று எழுதப்பட்ட நாளிலேதான், தாயின் சாவு விதியின் கணக்கிலிருந்து நீங்கி நிர்வாகத்தின் கணக்கில் ஏறிற்று.

ஐந்து ஆண்டுகளின் பின், 1931ஆம் ஆண்டில், டொனமூர் அரசியற்றிட்டம் நடைமுறைக்கு வந்தது. 21 வயது நிறைந்த ஆண் பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை கிடைத்தது. அரசாங்க சபையின் ஏழு நிர்வாகக் குழுக்களில் ஒன்று சுகாதாரத்துக்கு உரியதாயிற்று. அதுவரை சட்டசபை வேட்பாளர்கள் படித்தவரிடமும் சொத்துள்ளவரிடமுமே வாக்குக் கேட்டனர். இனிக் கிராமத்துத் தாயின் குடிசையிலும் கேட்கவேண்டியவராயினர். அவள் கேட்டது பாலமோ சிலையோ அன்று. தன் பிள்ளை பிழைக்க வேண்டும், தான் பிழைக்க வேண்டும் என்பதே. சுகாதாரப் பிரிவுகள் அத்தசாப்தத்திற் பல மாவட்டங்களுக்கும் பரவியமைக்கு வாக்குச்சீட்டின் வலிமையும் ஒரு காரணமென்பதில் ஐயமில்லை.

இவ்விடத்தில் நம்மவர் கசப்பான ஓர் உண்மையை எண்ணிப்பார்த்தல் வேண்டும். பூரண சுயாட்சி கிடைக்கவில்லை என்ற காரணத்தால் யாழ்ப்பாண வாலிப காங்கிரஸ் 1931ஆம் ஆண்டுத் தேர்தலைப் பகிஷ்கரிக்குமாறு அறைகூவிற்று. யாழ்ப்பாணத்தின் நான்கு தொகுதிகளும் 1934ஆம் ஆண்டுவரை வெறுமையாய்க் கிடந்தன. அவ்விளைஞரின் தியாகத்தையும் கொள்கைத் தூய்மையையும் இகழ்வதற்கு எவர்க்கும் உரிமையில்லை. ஆயினும், நிர்வாகக் குழுக்களிலே மருத்துவிச்சிகளின் தொகையும் நிலையங்களின் இடமும் பேசப்பட்ட அம்மூன்று ஆண்டுகளில், நம் தொகுதிகளின் ஆசனங்கள் காலியாயிருந்தன என்பதும் வரலாறே. அரசியற் தீர்வு வருமளவும் பத்து மாதச் சுமை காத்திருப்பதில்லை. உரிமைப் போராட்டமும் அன்றாட நிர்வாகமும் இரு கால்கள் போன்றவை. ஒன்றை மடக்கி வைத்துக்கொண்டு மற்றதால் நடக்க முயல்வோர் வீழ்வர்.

1934ஆம் ஆண்டின் இறுதியிலே மலேரியாக் கொள்ளைநோய் மூண்டது. சில மாதங்களுள் ஏறத்தாழ 80,000 மக்கள் மடிந்தனர். 1935ஆம் ஆண்டில் பிறந்த 1,000 குழந்தைகளுள் 263 ஓராண்டு நிறையுமுன் மாண்டன. பேற்றில் இறந்த தாய்மாரின் தொகையும் அவ்வாண்டிலே மேலெழுந்தது. சுரம் கண்ட கர்ப்பிணி இருமடங்கு ஆபத்துக்குள்ளாவாள் என்பதை நாடு கண்கூடாகக் கண்டது. கிராமந்தோறும் சுகாதாரச் சேவை சென்றடையாவிடில் எந்த ஆட்சியும் நிலைக்காதென்ற பாடம் அப்பொழுது ஆள்வோர் நெஞ்சிற் பதிந்தது.

"இவையெல்லாம் வறிய நாட்டின் குறைகள், நல்ல வைத்தியரும் பெரிய ஆசுப்பத்திரியும் இருந்திருந்தால் தாய்மார் மாண்டிருக்கமாட்டார்" எனக் கற்றவர் சிலர் கூறக்கூடும். அவர்க்கு மறுமொழியாக, நம்மை ஆண்ட இங்கிலாந்தின் கதையையே எடுத்துக்காட்டலாம்.

இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 1930கள் வரை அந்நாட்டிலே குழந்தை மரணம் பாதிக்கும் கீழாகக் குறைந்தது. செல்வமும் பெருகிற்று, வைத்தியரும் பெருகினர். ஆனால் பேற்றில் இறக்கும் தாய்மாரின் விகிதம் மட்டும் 1,000க்கு ஏறத்தாழ 4 என்ற அளவிலே அசையாது நின்றது. 1930 முதல் 1932 வரையுள்ள கணக்கை நோக்கின் வியப்பு மிகும்: வசதிபடைத்த வகுப்பினரின் மனைவியர், வறிய கூலியாட்களின் மனைவியரிலும் சற்று அதிக விகிதத்தில் மாண்டனர். பணக்காரி தனி வைத்தியரை அமர்த்தினாள். அவரோ பொறுமையின்றித் தேவையற்ற வேளையிலும் ஆயுதமிட்டுப் பிள்ளையை எடுத்தார். வேறு நோயாளரைத் தொட்ட கையோடு வந்து கிருமியையும் கொண்டுவந்தார். ஏழையின் வீட்டுக்கு மருத்துவிச்சி வந்தாள். இயற்கை தன் வேலையைச் செய்யும்வரை காத்திருந்தாள். மருத்துவிச்சிகளை நன்கு பயிற்றி அவர்களையே நம்பியிருந்த ஒல்லாந்திலும் டென்மார்க்கிலும் தாய்மாரின் சாவு இங்கிலாந்திலும் பார்க்கக் குறைவாயிருந்தமையும் இதனை உறுதிப்படுத்தும்.

இங்கிலாந்து அரசு 1928ஆம் ஆண்டில் ஒரு குழுவை அமைத்து, பேற்றில் நேர்ந்த ஆயிரக்கணக்கான சாவுகளைத் தனித்தனியே விசாரித்தது. 1932ஆம் ஆண்டில் வெளிவந்த இறுதி அறிக்கை, அவற்றுள் ஏறத்தாழப் பாதி தவிர்த்திருக்கக்கூடியவை என்று கண்டது. ரொச்டேல் என்னும் வறிய ஆலைநகர் அதற்கு நடைமுறைச் சான்று தந்தது. அந்நாட்டிலேயே மிக மோசமான நிலையிலிருந்த அந்நகரில், சம்பளம் உயரவில்லை, வீடுகள் புதிதாகவில்லை. சுகாதார அதிகாரிகள் கர்ப்பகாலப் பரிசோதனையைச் சீர்செய்தனர்; பொதுமக்களுக்கு எடுத்துரைத்தனர்; தேவையற்ற ஆயுதப் பிரயோகத்தைக் குறைத்தனர்; சிக்கலான பேறுகளுக்கு நிபுணரை அழைத்தனர். சில ஆண்டுகளுள் மரண விகிதம் பெரிதும் வீழ்ந்தது. பின்னர் 1936ஆம் ஆண்டுச் சட்டம் சம்பளம் பெறும் மருத்துவிச்சிச் சேவையை நாடெங்கும் அமைக்குமாறு உள்ளூராட்சி மன்றங்களைக் கடமைப்படுத்திற்று. களுத்துறையிலே பத்தாண்டுகளுக்கு முன் தொடங்கிய வழியைத்தான் ஆளும் நாடும் தன் வழியில் வந்தடைந்தது எனல் மிகையாகாது.

இனி ஒரு தடையை நேர்மையோடு எதிர்கொள்ள வேண்டும். இலங்கையிலே தாய்மார் மரணம் பெருமளவு வீழ்ந்தது போருக்குப் பின்னரே. 1930களின் நடுப்பகுதியில் சல்பா மருந்து வந்தது. லண்டனிலே வைத்தியர் லியனாட் கோல்புறூக் அதனைப் பிரசவ சன்னிக்குப் பயன்படுத்தி 1936ஆம் ஆண்டில் வெற்றிகண்டார். பின்னர்ப் பெனிசிலின் வந்தது. இரத்தமேற்றும் வசதி பரவிற்று. 1940களின் நடுப்பகுதியில் டீ.டீ.ரி. தெளிக்கப்பட்டு மலேரியா அடங்கிற்று. 1940களின் இறுதிக்குள் மரண விகிதம் பாதியாகி, 1950களில் மேலும் பாதியாயிற்று. அங்ஙனமாயின், புகழ் மருந்துக்கன்றோ உரியது, மருத்துவிச்சிக்கு என்ன பங்கு என வினவலாம்.

வினா நியாயமானது. மருந்துக்குரிய பங்கை மறுப்பது பொய்யாகும். ஆயின் மருந்து தானே நடந்து கிராமத்துக்குச் செல்வதில்லை. சுரம் தொடங்கிய முதல் நாளிலே அதனைக் கண்டு சொல்ல ஒருத்தி வேண்டும். சோகையை ஐந்தாம் மாதத்திலேயே கண்டுபிடிக்க ஒருத்தி வேண்டும். இரத்தமேற்ற வேண்டியவளை வேளைக்கு அனுப்ப ஒருத்தி வேண்டும். அவளை நம்பிக் கதவு திறக்கக் கிராமம் பழகியிருக்க வேண்டும். போர்களுக்கிடையே உழைத்த மருத்துவிச்சிகள் அந்நம்பிக்கையை வீடுவீடாக ஈட்டி வைத்தனர். 1950ஆம் ஆண்டளவில் ஏறத்தாழப் பாதிப் பேறுகள் பயிற்சிபெற்றோர் கையில் நிகழ்ந்தன. வாய்க்கால் வெட்டியிருந்த வயலுக்கே குளத்துநீர் பாயும் என்பது கமக்காரருக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

வாய்க்கால் வெட்டப்படாத வயலையும் காண்போம். மலையகத் தோட்டங்களிலே தாய்மாரின் வைத்தியம் அரசின் பொதுச் சேவைக்கு வெளியே, நெடுங்காலம் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே இருந்தது. 1939ஆம் ஆண்டின் பேறுகாலச் சகாயச் சட்டம் அப்பெண்களுக்குச் சில நன்மைகளைத் தந்தது. ஆனால் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த தேர்தற் சட்டமும் அம்மக்களில் மிகப் பெரும்பாலோரை வாக்கற்றவராக்கின. வாக்கற்றவரின் வீட்டுவாசலுக்கு எந்த அமைச்சர் மருத்துவிச்சியை அனுப்புவார்? நாட்டின் ஏனைய பகுதிகளிலே தாய்சேய் நலன் விரைந்து முன்னேறிய தசாப்தங்களில் தோட்டப்பகுதி பின்தங்கியே நின்றது. வாக்குரிமைக்கும் தாயின் உயிருக்கும் உள்ள தொடர்பை இதனிலும் தெளிவாக எந்தச் சான்றும் காட்டாது.

இன்று நிலை பெரிதும் மாறியுள்ளது. அண்மை ஆண்டுகளில் இத்தீவிலே 1,00,000 பிறப்புக்கு ஏறத்தாழ 30 தாய்மாரே இறக்கின்றனர். 1930களோடு ஒப்பிடின் 60இல் ஒரு பங்கு. மலேரியா ஒழிந்ததை உலக சுகாதார நிறுவனம் 2016ஆம் ஆண்டில் உறுதிசெய்தது. ஒவ்வொரு தாயின் சாவும் அறிவிக்கப்பட்டு விசாரிக்கப்படுகிறது. களுத்துறையிற் தொடங்கிய மருத்துவிச்சி இன்று குடும்பநல உத்தியோகத்தர் என்ற பெயருடன், ஏறத்தாழ 3,000 பேருக்கு ஒருவர் என்ற அளவிலே பணிபுரிகிறார். பல செல்வ நாடுகள் வியந்து பார்க்கும் பேறு இது.

ஆயினும் ஈட்டியதை இழப்பதற்கு அதிக காலம் வேண்டியதில்லை. 2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியிலே மருந்து தட்டுப்பட்டது. வைத்தியரும் தாதியரும் நாடுவிட்டு நாடு சென்றனர். இத்தகைய காலங்களிலே திறைசேரி முதலிற் கைவைப்பது கண்ணுக்குத் தெரியாத பதவிகளில்தான். கட்டடம் இடிந்தால் ஊர் காணும். கிராமத்து உத்தியோகத்தரின் வெற்றிடம் நிரப்பப்படாவிட்டால், பக்கத்துப் பிரிவினள் இரு பிரிவையும் பார்ப்பாள். வீட்டு வருகை குறையும். அதனை எந்தப் பத்திரிகையும் எழுதாது. ஒரு நாள் ஒரு தாய் இறப்பாள். மீண்டும் விதியின் தலையிலே பழி விழும்.

நம் பிரதிநிதிகளை நோக்கி நாம் இங்கே கேட்க வேண்டியவை உண்டு. அடிக்கல் நாட்டும் விழாவுக்கும் பெயர்க்கல் திறக்கும் விழாவுக்கும் ஓடோடிச் செல்வோர், தம் தொகுதியிலே எத்தனை குடும்பநல உத்தியோகத்தர் பதவிகள் வெறுமையாயிருக்கின்றன என்று அறிவரா? தமிழ்ப் பேசும் தாயின் வீட்டுக்கு அவள் மொழியறிந்தவரே செல்கிறாரா என்று எப்போதாவது வினவினரா? இரவிலே நோவு கண்டவள் தன் வேதனையைத் தன் மொழியிலேயே சொல்வாள். அதனைப் புரிந்துகொள்ளாதவர் எத்துணை கற்றவராயினும் பாதி வைத்தியரே. மேனாட்டிலிருந்து வந்த கிறீன் 1850களில் உணர்ந்த இவ்வுண்மையை, மொழியுரிமை பேசும் நாம் மறத்தல் தகாது.

மாகாண சபையின் நிலையையும் எண்ணுக. சுகாதாரம் மாகாணத்துக்குப் பகிரப்பட்ட அதிகாரங்களுள் ஒன்று. 2013ஆம் ஆண்டில் தெரிவான வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018ஆம் ஆண்டில் முடிந்தது. அதன்பின் ஆண்டுகள் பல தேர்தலின்றிக் கழிந்தன. 1931ஆம் ஆண்டில் நம் ஆசனங்களை நாமே வெறுமையாக்கினோம்; இம்முறை மத்திய ஆட்சி வெறுமையாக்கிற்று. காரணம் வேறாயினும் விளைவு ஒன்றே: தாயின் சாவுக்குக் கணக்குக் கேட்க வேண்டிய இடத்திலே ஆளில்லை.

ஆதலின் கமக்காரர் சங்கங்களும் மாதர் சங்கங்களும் சனசமூக நிலையங்களும் மூன்று கேள்விகளை எழுத்திலே கேட்கட்டும். எங்கள் பிரிவுக்குரிய குடும்பநல உத்தியோகத்தர் யார்? அப்பதவி வெறுமையாயின், எப்போது நிரப்பப்படும்? நிரப்பப்படாத காலத்தில் எங்கள் கர்ப்பிணிகளுக்குப் பொறுப்பாளி யார்? எழுத்திலே கேட்ட கேள்விக்கு எழுத்திலே விடை தருவது அதிகாரியின் கடமை. 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் அவ்விடையைப் பெறும் உரிமையை நமக்குத் தந்துள்ளது. வைத்தியரும் நியாயவாதிகளும் ஆசிரியரும் அக்கடிதங்களை எழுத உதவட்டும். விடை வராவிடின் மேன்முறையீடு செய்ய உதவட்டும்.

எல்லைக் கற்களுக்காக நாம் எழுதிய மனுக்கள் கச்சேரிகளிலே மலைபோற் குவிந்துள்ளன. பேறுகாலத் தாய்க்காகவும் ஒரு மனு எழுதுவோம்.